பின்னடந்தார் வீட்டுப் பேரு

கல்யாணப் பத்திரிகையில அந்தப் பேரப் பாத்த நாள்ல இருந்து உங்க பக்கத்து ஆளுக சிரிக்கிறாங்களாமே, சம்பந்தி? சிரிங்க, சிரிங்க. 'பின்னடந்தார்'னு ஒரு வீட்டுப் பேரு இருந்தா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா லேசுப்பட்ட பேருன்னு நெனச்சிராதீங்க. மதுரையில எலும்பு ஒட்டவைக்கிற டாக்டரம்மா ஒருத்தி இருக்கா, பின்னடந்தார் சிவகாமி. கபடியில மெடல் மெடலா வாங்கிக் குவிச்சானே அழகுவேலு, அவனும் பின்னடந்தார்தான். பாடிட்டுத் திரும்பும்போது எதிராளிக்கு முதுகக் காட்டவே மாட்டான். ஜட்ஜா இருந்தாரே குருசாமி, அவரு வேலைய விட்டு வர்ற அன்னிக்குக் கோர்ட்ட விட்டுப் பின்பக்கமாவே நடந்து வந்தாரு. பாத்தவனெல்லாம் மனுசனுக்கு மூளை கலங்கிருச்சுன்னுட்டான். செல்லுல தேடிப் பாத்தா உலகத்துலயே இந்தப் பேருக்கு இந்த ஒரு வகையறாதான் வருதாம்.

பந்திக்கு இன்னும் நேரம் கெடக்கு. சொல்றேன். ஆனா ம் கொட்டணும். ம் கொட்டாத எடத்துல எனக்குக் கதை ஓடாது.

தார் ரோடு கெடையாது, ரயிலு கெடையாது, அந்தக் காலம். வெங்கரிசல்னு ஒரு ஊரு. இந்த ஊருதான். அந்த ஊருல வெயிலுமுத்துன்னு ஒரு ஆளு இருந்தாராம். தாய் இல்ல, தகப்பன் இல்ல. அக்கா மாடத்திதான் இடுப்புல தூக்கி வளத்தாளாம். தம்பிக்காகக் கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டாளாம். தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு, பொண்டாட்டி பேரு பூரணத்தாய். ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, வடிவு. ஒன்றரை வயசு.

அப்ப வந்துச்சாம் பஞ்சம். எப்பேர்ப்பட்ட பஞ்சம்? மூணு வருசம் மழை இல்ல. கம்மாய் வெடிச்சுப் போச்சு, காக்கா ஊரவிட்டுப் போயிருச்சு. இனி இருந்தா செத்துருவோம், ஆத்துப்பாய்ச்சல் உள்ள சீமைக்குப் போயி நாத்துப் பிடுங்கியாவது பிழைப்போம்னு ஊரே கெளம்புச்சாம்.

இங்கதான் ஒரு நேமம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கு, நல்லாக் கேட்டுக்கோங்க. ஊரு கெளம்புனா ஒத்த வரிசையாப் போகணும். செங்காட்டோடை தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. முந்தி ஒரு பஞ்சத்துல ஒருத்தன் திரும்பிப் பாத்தானாம். வீட்டப் பாத்தான், கால் வரல. அவனப் பாத்து அவன் தம்பி திரும்புனான், தம்பியப் பாத்து மாமன் திரும்புனான். பாதி வரிசை வீட்டுக்குத் திரும்பி வந்து வாசல்லயே செத்துச்சாம். அதுல இருந்து நேமம். திரும்பிப் பாத்தவன் வரிசையில சேரக்கூடாது. யாரையும் கூப்புடாம, ஒரு சொல்லு பேசாம, ஊருக்கே திரும்பிறணும். முடி எறக்காத பச்சைப் பிள்ளைக்கு மட்டும் நேமம் கெடையாது. அது எந்தப் பக்கமும் பாக்கலாம்.

இன்னொண்ணு. ஊரே போனாலும் வெயிலுகந்தா அம்மன் கோயில்ல வெளக்கு அணையக் கூடாது. ஒரு ஆளு இருக்கணும். ஒரு ஆளுக்குத் தானியம் வச்சுட்டுப் போவாங்க. யாரு இருக்கான்னு ஊருக்குத் தலைவரு, ஊர்க்குடும்பன் கேட்டாராம். மாடத்தி எந்திரிச்சா.

"நான் இருக்கேன். எனக்கு மூட்டு வலி. நடந்தா வழியில விழுவேன், இருந்தா வெளக்காவது எரியும்."

"எக்கா, நான் ஒன்னத் தூக்கிட்டுப் போறேங்கா."

"ஏலே, என்னத் தூக்குனா பிள்ளைய யாரு தூக்குவா? போடா, கிறுக்குப்பயலே."

இருக்குற ஆளு எல்லைக்கல்லுல நின்னு மூணு குலவை போட்டு அனுப்பணும். அதான் வழக்கம்.

காலையில வரிசை கெளம்புச்சு. குடும்பன் முன்னால. கடைசிக்கு முந்துன ஆளு பூரணத்தாய், இடுப்புல பிள்ளை. கடைசி ஆளு வெயிலுமுத்து. மாடத்தி மொதக் குலவை போட்டா. வரிசை நடந்துச்சு. ரெண்டாங் குலவை போட்டா. வரிசை நடந்துச்சு. வெயிலுமுத்து மூணாவதுக்குக் காதக் குடுத்துக்கிட்டே நடக்காரு. பத்து எட்டு. இருபது எட்டு. காணோம். இந்தா, பாதை வளையுற இந்த முக்கு வரைக்கும் வந்துட்டாரு. மூணாங் குலவை வரல.

அக்கா விழுந்துட்டாளோ? திரும்புனா பொண்டாட்டி பிள்ளைய விடணும். திரும்பாட்டி அக்காவ விடணும். எந்தத் தெய்வத்துக்கிட்டப் போயிக் கேக்க?

திரும்பிட்டாரு.

பாத்தா, அக்கா கல்லுல சாஞ்சு கெடக்கா.

அவ்வளவுதான், இனி வரிசையில சேர முடியாது. சொல்லிட்டுப் போகவேண்டியதுதானேன்னு கேப்பீங்க. சொன்னா பூரணத்தாய் நிப்பாள்ல? புருசன் போறேன்னு சொன்னப்புறமும் திரும்பாம நடக்க அவ என்ன கல்லா? அவ திரும்புனா அவளுக்கும் பிள்ளைக்கும் இந்த ஊருலதான் சாவு. அதனால வாயக் கட்டிக்கிட்டாரு.

ஆனா ஒரு கண்ணு அவரப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. வடிவு. அம்மா தோளு மேல தாடைய வச்சு, பின்பக்கமா அப்பனையே பாத்துக்கிட்டு வருது. இவரு முதுகக் காட்டி நடந்தா பிள்ளை அழுகும். பிள்ளை அழுதா அம்மா திரும்புவா. என்ன செய்வாரு மனுசன்?

ரெண்டு கையையும் காதுல வச்சு ஆட்டுக் காது மாதிரி ஆட்டுனாரு. வீட்டுல பிள்ளைக்கு அவரு காட்டுற வெளையாட்டு அது. பிள்ளை சிரிச்சுச்சு. காத ஆட்டிக்கிட்டே ஒரு எட்டு பின்னால வச்சாரு. பிள்ளை சிரிச்சுச்சு. இன்னொரு எட்டு பின்னால. மொகத்துல சிரிப்பு, கண்ணுல தாரை தாரையாத் தண்ணி, காதுல கை. பின்பக்கமாவே நடக்காரு.

"அப்பா ஆடு! அப்பா ஆடு!"ங்குது பிள்ளை.

பூரணத்தாய் திரும்பாமலே சொல்றா, "ஆமாடி தங்கம். ஒங்கப்பா ஆடுதான். நம்ம போற எடமெல்லாம் பின்னாலயே வரும்."

அது அவரு காதுல விழுந்துச்சாம். அப்பவும் கூப்புடலையாம். எனக்குன்னா நெஞ்சு வெடிச்சிருக்கும். அவரு பிள்ளை தலை புள்ளியாகுற வரைக்கும் காத ஆட்டிக்கிட்டே பின்னால நடந்தாராம்.

எல்லைக்கல்லுக்கு வந்து அக்காவத் தூக்குனா, அக்கா கண்ண முழிச்சுப் பாத்து அடிக்க வர்றா.

"பாவிப்பயலே! ஏன்டா வந்த?"

"மூணாவது குலவை கேக்கலையேக்கா."

"தொண்டை வறண்டு போச்சுடா! சத்தம் எழும்பல. சரி, செத்த நேரம் சாஞ்சு உக்காருவோம்னு உக்காந்தேன். அதுக்காடா திரும்புவ?"

ஒரு மடக்குத் தண்ணி, சம்பந்தி. ஒரே ஒரு மடக்குத் தண்ணி அன்னிக்கு இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. "ஓடுடா, ஓடிப் போயிச் சேந்துக்கோ"ன்னு அக்கா கால்ல விழாத குறையாக் கெஞ்சுறா. "பாத்துட்டேங்கா. பாத்தவன் சேரக்கூடாது"ன்னுட்டாரு.

ஒரு ஆளுக்கு வச்ச தானியம். அக்காவுக்குக் கஞ்சி, தனக்குக் கத்தாழைக் கிழங்கு. அக்காகிட்ட 'நான் அப்பவே குடிச்சிட்டேன்'னு பொய். வெளக்கு மட்டும் ஒருநாள் அணையல. தெனமும் வெயில் தாழ இந்த முக்குக்கு வருவாராம். வந்து அந்தப் பாதையவே பாப்பாராம். திரும்பிப் போகும்போது பாதைக்கு முதுகு காட்ட மனசு வராதாம். பின்பக்கமாவே நடந்து வீட்டுக்குப் போவாராம். அந்தப் பக்கமா ஆடு பத்திக்கிட்டுப் போன வெளியூர்க்காரங்க பாத்துட்டு, "ஏ, பின்னடந்தான் போறான் பாரு"ன்னு கேலி பண்ணுனாங்களாம். பேரு அப்படி வந்ததுதான்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒரு ஐப்பசியில மழை கொட்டுச்சு. கொட்டுன கொட்டுல மாடத்தி வாசல்ல நின்னு ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிச்சா. குடிச்சிட்டு, "இந்தா இப்பப் போடுறேன்டா, மூணாவது"ன்னு பாதையப் பாத்து ஒரு குலவை போட்டா பாருங்க! கேக்கத்தான் ஆளு இல்ல. அக்காளும் தம்பியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்களாம்.

கார்த்திகையில வரிசை திரும்பி வந்துச்சு. இவரு இந்த முக்குல நிக்காரு. ஒவ்வொரு மொகமாத் தேடுறாரு. எல்லாரும் வந்துட்டாங்க. பூரணத்தாய் மட்டும் வரல. குடும்பன் வந்து தோள்ல கைய வச்சாராம்.

"போன மாசிக் காய்ச்சல்ல போயிட்டாப்பா. ஓடை தாண்டித்தான் திரும்பிப் பாத்தா. ஒன்னக் காணோம். 'அப்பா எங்கடி'ன்னு பிள்ளைகிட்டக் கேட்டா. பிள்ளை ரெண்டு கையையும் காதுல வச்சு ஆட்டிக் காட்டுச்சு. அப்பவே புரிஞ்சுக்கிட்டா. 'அக்காகிட்டப் போயிட்டாரு, சிரிச்சுக்கிட்டேதான் போயிருக்காரு'ன்னா. அழுதுட்டு நடந்தா. அதுக்கப்புறம் தெனமும் சாயங்காலம், 'அப்பா எங்கடி'ம்பா. பிள்ளை காத ஆட்டும். அதப் பாத்துட்டுத்தான் கஞ்சி குடிப்பா."

குடும்பன் பொண்டாட்டி சேலைக்குப் பின்னால ஒரு பிள்ளை ஒளிஞ்சு நிக்குது. நாலு வயசு ஆகப்போகுது. "வடிவு, அதான் ஒங்கப்பா, போ"ங்குறாங்க. பிள்ளை போகல. கிழங்கு தின்னு காஞ்ச ஆளப் பாத்தா பிள்ளைக்குப் பயம் வராதா? கிட்டப் போனாரு. பிள்ளை வீருன்னு அழுதுச்சு.

நின்னாரு. ரெண்டு கையையும் எடுத்துக் காதுல வச்சாரு. ஒரு எட்டு பின்னால வச்சாரு. காத ஆட்டுனாரு. இன்னொரு எட்டு. பிள்ளை அழுகைய நிறுத்திருச்சு. மூணாவது எட்டு வைக்கல, அதுக்குள்ள அந்தச் சேலைய விட்டுட்டு ஓடி வந்துச்சாம், "அப்பா ஆடு! அப்பா ஆடு!"ன்னு.

அந்த வடிவுக்கு வீட்டோட மாப்பிள்ளை எடுத்தாங்க. அந்தப் பிள்ளை வழி வந்ததுதான் டாக்டரம்மா, ஜட்ஜு, கபடிக்காரன் எல்லாம். ஆம்பளை வழி வந்த பேரு இல்ல இது. நீங்க பஸ்ஸவிட்டு எறங்குனீங்களே, கண்டக்டரு 'பின்னடந்தான் முக்கு, எறங்கு'ன்னு கத்தியிருப்பானே, அந்த எடம்தான் அது. அன்னிக்கு இருந்து இந்த வீட்டாளுக யாரைப் பிரிஞ்சாலும் உடனே முதுகு காட்ட மாட்டாங்க. மூணு எட்டு பின்னால வச்சுட்டுத்தான் திரும்புவாங்க.

சரி, எலை போட்டுட்டாங்க, எந்திரிங்க. சாப்புட்டு முடிச்சதும் பொண்ணு மாப்பிள்ளை கார்ல ஏறும். அவங்கப்பன், ஹெட்மாஸ்டரு, அம்பத்தெட்டு வயசு மனுசன், இத்தனை பேரு முன்னால காதுல கைய வச்சுக்கிட்டு பின்னால நடப்பாரு. ஒங்க ஆளுககிட்டச் சொல்லி வைங்க, யாரும் சிரிக்க வேண்டாம்னு.

இல்ல, வேண்டாம். சிரிக்கட்டும். பொண்ணு அழுகாமப் போகணும்னுதானே அவரு நடக்குறாரு.