கொடியிலிருந்து ஆறு தப்படி

சம்பவ இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று குறித்துவிட்டுத்தான் ராணுவ அறிக்கையைத் தொடங்குவது வழக்கம். இந்தப் போலீஸ் வாக்குமூலத்திலும் அப்படியே செய்கிறேன், லெப்டினன்ட். செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நான்காம் படப்பிடிப்பு அரங்கில் இருந்தவர்கள்: நடன இயக்குநர் மார்ட்டி கெஸ்லர், ஒளிப்பதிவாளர் டெங்பெர்க், காட்சிக்குக் காட்சி எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளும் மிஸ் வெரா பிங்க்லி, ராணுவ மாணவர்களாக வேடமிட்ட நாற்பது ஆட்டக்காரர்கள், கதாநாயகன் லைல் வேன், ராணுவ ஆலோசகனாகிய நான், ஓய்வுபெற்ற கர்னல் அம்ப்ரோஸ் வெதரில். வேன் என்பது திரைக்காக வைத்துக்கொண்ட பெயர். லைல் என் மகன்.

ராணுவக் கல்லூரியில் நடக்கும் பாட்டுப் படம் ஒன்று எடுக்கிறோம், அணிவகுப்பும் சீருடையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. கதையில் வருவது ஹாலிஸ் கல்லூரி. என் தாத்தாவும் அப்பாவும் நானும் படித்த இடம். அதைக் கேலிக்கூத்தாக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கலிபோர்னியாவுக்கு ரயிலேறினேன்.

ஆறு வாரங்களில் நாற்பத்தொரு திருத்தங்கள் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்து, காலை ஏழு மணிக்கு கெஸ்லரின் நாற்காலியில் வைத்தேன். வாள் இடது இடுப்பில் தொங்க வேண்டும். முதலாண்டு மாணவன் படியில் நடுவில் ஏறக் கூடாது. துப்பாக்கியைக் குடை சுழற்றுவதுபோல் சுழற்றும் ராணுவம் உலகத்தில் எங்கும் இல்லை. ஒன்றைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. என் காகிதத்தின் மேல் அவர் காப்பிக் கோப்பையை வைத்திருந்ததை இரண்டு முறை பார்த்தேன்.

"கர்னல், நீங்க சொல்ற மாதிரியே எடுத்தா படம் அச்சு அசலா இருக்கும். கொட்டகையில நீங்களும் நானும் மட்டும் உக்காந்து பாக்கலாம்" என்பார் கெஸ்லர். சொல்லிவிட்டு என் தோளில் தட்டுவார். ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். என் தோளில் யாரும் தட்டிப் பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

கதாநாயகன் யார் என்பது அங்கே போன முதல் நாள்தான் தெரிந்தது. நான் திரும்பிப் போகவில்லை. ஏற்றுக்கொண்ட பொறுப்பை விட்டு வெளியேறும் பழக்கம் எனக்கு இல்லை. அது லைலின் பழக்கம்.

ஹாலிஸில் மௌனம் என்று ஒரு வழக்கம் உண்டு. பொய் சொன்னான் என்று சக மாணவர்கள் முடிவுசெய்த ஒருவனிடம் யாரும் பேச மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அவனுக்கு மட்டும் தனி இடம். ஆணை கொடுக்கலாம், உடையில் பிழை இருந்தால் சொல்லலாம். வேறு ஒரு சொல் கிடையாது. லைல் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, விடுதியை விட்டு வெளியே போன நண்பன் ஒருவனைப் பற்றி, அவன் அறையில்தான் இருந்தான் என்று சொன்னான். சாட்சி போதாததால் கல்லூரி லைலை நீக்கவில்லை. மாணவர்கள் மௌனம் விதித்தார்கள். நான்கு மாதம் தாங்கினான். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்தவன் நான்தான். அன்றிலிருந்து நானும் அந்த மௌனத்தைக் கடைப்பிடித்தேன். பதினோரு வருடங்கள். அவன் அம்மாவை அடக்கம் செய்த அன்றும் நான் அதை மீறவில்லை. மாணவர்களுக்கு இருந்த உறுதி தகப்பனுக்கு இல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், அரங்குக்கு வெளியே நான் தனியாக நின்றபோது லைல் வந்தான். சாம்பல் நிறச் சீருடை. அதை அணிய அவனுக்கு உரிமை இல்லை, ஆனால் தையல் நன்றாக இருந்தது.

"அப்பா, நாலு வார்த்தை திட்டவாவது செய்யுங்க. கேட்டுட்டுப் போறேன்" என்றான்.

மிஸ் பிங்க்லி அந்த வழியாக வந்தார். நான் அவரிடம், "மிஸ்டர் வேனோட காலர் கொக்கி கழண்டிருக்கு, சொல்லிடுங்க" என்றேன்.

லைல் சிரித்தான். "பாத்தியா வெரா, எங்கப்பாவுக்கு என்மேல எவ்வளவு அக்கறைன்னு" என்று சொல்லிக்கொண்டே கொக்கியை மாட்டினான். மாட்டிவிட்டு என் முன்னால் விறைப்பாக நின்றான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சுவரைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்லூரித் தேவாலயத்தில், களங்கமில்லாமல் தேறி நாட்டுக்குப் பணி செய்தவர்களின் பெயர்களைப் பொறித்த சுவர் ஒன்று உண்டு. புகைப்படங்களைப் பார்த்து அதை அப்படியே அட்டையில் செய்திருந்தார்கள். அதில் வெதரில் என்ற பெயர் மூன்று முறை வரும். ஐந்தாம் வாரம் போய்ப் பார்த்தால் நான்கு முறை இருந்தது. கடைசியில் லைல் வெதரில். வர்ணம் பூசுகிறவரிடம் கேட்டு எழுத வைத்திருக்கிறான்.

நாற்பதாவது திருத்தம் அதுதான். காகிதத்தோடு நிற்காமல் நேரிலும் போய்ச் சொன்னேன். கெஸ்லர் பொறுமையாகவே கேட்டார்.

"அட்டைதானே கர்னல். படம் முடிஞ்சா குப்பைக்குப் போகுது. பையன் ஆசைப்பட்டான், இருந்துட்டுப் போகட்டுமே."

நாடு முழுவதும் பார்க்கப்போகிற சுவர் அது என்றேன். அவர் மறுபடியும் தோளில் தட்டினார்.

கடைசிக் காட்சி கோட்டை மதில் மேல். பதினைந்து அடி உயர மேடை. கொடிக்கு அருகே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. லைல் அந்தக் கோட்டில் நின்று, பாடிக்கொண்டே பின்பக்கமாகப் பதினாறு தப்படி வைத்து, நின்று வணக்கம் செலுத்த வேண்டும். ஆட்டக்காரர்கள் காலைப் பார்க்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டையும் எண்ணிக்கையையும் நம்புவார்கள். பதினாறாவது தப்படிக்குப் பின்னால் ஒன்றரை அடிப் பலகை மிச்சம் இருந்தது. அதற்கப்பால் இருந்த கைப்பிடிக் கம்பியை, காட்சிக்கு இடைஞ்சல் என்று அன்று காலை டெங்பெர்க் எடுக்கச் சொன்னார். எடுத்ததை நான் பார்த்தேன்.

விதிப்படி மாணவன் கொடியிலிருந்து ஆறு தப்படி தள்ளி நிற்க வேண்டும். கோடு ஐந்தில் இருந்தது. இது நாற்பத்தொன்றாவது திருத்தம், காலையிலேயே கொடுத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு மேடையில் ஏறி, பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு தப்படி பின்னால் தள்ளிப் புதிதாகப் போட்டேன். ஒரு தப்படி முப்பது அங்குலம்.

இறங்கும்போது மிஸ் பிங்க்லி நின்றுகொண்டிருந்தார். என் கையில் சுண்ணாம்புக் கட்டி இருந்தது.

"கோடு போட்ட இடத்தையா மாத்துனீங்க? மார்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா கர்னல்?"

"காலையிலயே எழுதிக் குடுத்திருக்கேன்" என்றேன். அது உண்மை. அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

இரண்டு மணிக்குப் பாட்டு ஓடியது. கதாநாயகி அன்று வராததால், பார்வை தவறாமல் இருக்க, கேமராவுக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, என்னைப் பார்த்தே பாடச் சொல்லியிருந்தார் கெஸ்லர். ஆகவே லைல் முழு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மனத்துக்குள் எண்ணினேன். பதினான்காவது தப்படியில் அவன் கை முன்னதாகவே உயர்ந்தது. பாட்டில் அதற்கு இடமில்லை, அது எனக்காக. விரல்கள் சேர்ந்து, முழங்கை தோள் மட்டத்தில், மணிக்கட்டு நேராக. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

நில் என்று ஒரு சொல் போதும். அது ஆணை, மௌனத்திலும் அனுமதிக்கப்பட்டது. இதை நான் அப்போதே அறிந்திருந்தேன். சொல்லவில்லை. பதினாறாவது தப்படிக்குக் கீழே பலகை இல்லை.

அவன் உடலை எடுத்துப்போன பிறகு, பெயரை அழித்துவிட்டார்களா என்று பார்க்க அந்தச் சுவருக்குப் போனேன். அழிக்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டார்களாம். நாற்பத்தொரு திருத்தங்களில் நிறைவேறியது ஒன்றுதான், அதையும் நானே செய்ய வேண்டியிருந்தது.

இன்னொன்று. லைல் குடித்துவிட்டு மேடையேறினான் என்று மாலைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பொய். அவன் குடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பணியில் இருக்கும்போது குடித்ததில்லை.