பிஞ்சுக் கைகளில் நலம் தேடிய எங்கள் அக்காவுக்கு

முப்பத்தோராண்டு காலம் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் கொழுப்பையும் அளந்து, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகத்தை ஒருநாளும் மறவாத பெருந்தகையே! ஊசியைக் கண்டு உதடு பிதுக்கும் பிஞ்சுகளை ஒரே நொடியில் உறவாக்கிக்கொள்ளும் அன்பின் உறைவிடமே! ஆய்வுக்கூடம் முழுமைக்கும் அக்காவே! பணி ஓய்வு பெறும் தங்களை வணங்குகிறோம்.

தங்கள் பணிகளையெல்லாம் சொல்லப் புகுந்தால் மடல் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்பதாண்டுகளுக்கு முன், பள்ளி முகாமில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் தாங்கள் இரத்தம் எடுத்தீர்கள். ஈர்க்குச்சி உடம்பு; இரும்புச்சத்துதான் குறைந்திருக்கும் என்று எண்ணினோம். இரும்பு சரியாக இருந்தது. கொழுப்போ பெரியவர்களுக்கே அச்சமூட்டும் அளவில் நின்றது. இரத்தம் எடுத்த குழாய் வேறு பிள்ளையுடையதோடு மாறியிருக்கும் என்று நாங்கள் ஒதுக்கினோம். இம்மடலை எழுதுபவனும் அப்படிச் சொன்னவன்தான். தாங்கள் மறுநாளே பள்ளிக்குப் போய் மீண்டும் எடுத்து வந்தீர்கள். அளவு மாறவில்லை.

பரம்பரையாக வருவதாக இருக்கலாம், பெற்றோரையும் பாருங்கள் என்றார் மருத்துவர். தாய் உடனே வந்தார், அவருக்குக் குறையில்லை. பேருந்து ஓட்டுநரான தந்தையோ மூன்று முறை சொல்லியனுப்பியும் வேலையைக் காரணம் காட்டினார். பணிமனை வாசலில் காத்திருந்து, அவரைக் கையோடு அழைத்து வந்தீர்கள். நாற்காலியில் அமர்ந்தும் சட்டைக் கையை மடிக்காமல், சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"எங்கப்பா நாப்பது வயசுல நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாரும்மா. எனக்கு இப்ப முப்பத்தெட்டு. தெரிஞ்சிக்கவே பயமா இருக்கு."

தாங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் அருகில் அமர்ந்தீர்கள்.

"உங்கப்பாவுக்கு யாரும் பாத்துச் சொல்லல. உங்களுக்கு உங்க பொண்ணு சொல்லியிருக்கா. மருந்து இருக்குப்பா, கையக் குடுங்க."

கொடுத்தார். அவருக்கும் கொழுப்பு மிகுந்திருந்தது; மருத்துவர் மேலும் சோதித்ததில் இதயக் குழாயில் அடைப்பு இருந்தது, காலத்தோடு சரிசெய்தார்கள். மகளும், மருந்தும் கண்காணிப்புமாக, நலமாக வளர்ந்து, மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்டாள். ஓட்டுநருக்கு இன்று நாற்பத்தேழு வயது. தம் தந்தை காணாத ஏழு ஆண்டுகளை அவர் கண்டுவிட்டார்.

அந்த நாள்முதல், நம்பமுடியாத எண் எதையும் பிள்ளையை மீண்டும் பாராமல் நாங்கள் ஒதுக்கியதில்லை.

அக்கா! நோயின்றி, நிறைவோடு நெடுங்காலம் வாழுங்கள். முகாம் நாள்களில் மாலை நான்கு மணிக்குத் திறந்த சாப்பாட்டு டப்பாவை இனியேனும் மதியத்திலேயே திறவுங்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இரத்தம் பார்த்த தாங்கள், தங்களுக்கென்று ஒருமுறையும் பார்த்துக்கொண்டதில்லை. ஆண்டுக்கொரு காலைப்பொழுதில் வெறும் வயிற்றோடு இங்கே வாருங்கள், வலிக்காமல் எடுப்போம்.

அன்பு மாறாத,
ஆய்வுக்கூடத் தம்பி தங்கையர்