அருள்மலரின் கைக்கு ஒரு ரிவால்வர்

என் மனைவி அருள்மலருக்குக் காப்பு எடுப்பது பெரிய வேலை. லண்டன் மனோர் பார்க்கில் நானே நகைக்கடை வைத்திருந்தும், அவளுக்கென்று வந்தால் சிறுபிள்ளைகளின் காப்புத் தட்டைத்தான் வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவு சின்னக் கை. கல்யாண வீடுகளில் பெண்கள் அதைப் பிடித்துப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள். அந்த ரிவால்வரை ஏன் அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தேன் என்று நீங்கள் கேட்டதற்கு முதல் பதில் இதுதான்.

யாரிடம் வாங்கினேன் என்பதை நேற்றே இந்தப் பொலிஸ் ஸ்டேசனில் வைத்துச் சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்கிற பிள்ளையும் அதை ஒழுங்காகத்தான் சொன்னார். இன்றைக்கு ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நகை களவு போவது உங்களுக்குத் தெரியும். சனம் கோயில் தேருக்குப் போய்த் திரும்பினால் அலுமாரி திறந்து கிடக்கும், தாலிக்கொடி இருக்காது. "நகைக்கடைக்காரன்ர வீட்டை விட்டுவைப்பாங்களே?" என்று அருள்மலர் அடிக்கடி கேட்பாள். அந்தப் பயத்தை நான் உண்டாக்கவில்லை. கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டேன்.

என்னுடைய பயம் வேறு. வாமதேவன் பாரிசில் இருந்துவிட்டு இங்கே வந்து வயரிங் வேலை செய்தவன். என்னை அண்ணை என்பான், அவளை அக்கா என்பான். எங்கள் குசினிக்கு லைட் போட்டதும் அவன்தான். அந்த வேலை முடிந்து மாதக்கணக்கான பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அருள்மலர் எதுவும் கேட்காமல் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சீனி போடமாட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் போன பிறகு கேட்டேன்.

"அவருக்குச் சீனி வருத்தம். அது ஊருக்கே தெரியுமே," என்றாள்.

பதில் சரிதான். ஆனால் சரியான பதிலை இப்படிக் கையோடு வைத்திருப்பவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு அவள் போனில் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காமல் பேசினாலும் சந்தேகம். நேரே கேட்டால் இல்லையென்று சத்தியம் பண்ணுவாள். தங்கமென்றால் உரைத்துப் பார்த்துவிடலாம். சத்தியத்தை என்ன செய்வது?

அப்போதுதான் இந்த வழி தோன்றியது. பழகிய ஆணின் காலடி ஒரு பெண்ணுக்கு இருட்டிலும் தெரியும். தெரிந்தால் சுடமாட்டாள். தெரியாவிட்டால் சுடுவாள். இதைவிட நேர்மையான சோதனை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

விற்றவன் முதலில் சின்னதொன்றைக் காட்டி, பெண்களுக்கு இது போதும் என்றான். வேண்டாம் என்றேன். அதில் சூடு பட்டவன் தப்பிவிடக்கூடும். தப்பினால் தன்னை அனுப்பியது நான்தான் என்பான். அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆகவே பலமானதாக வேண்டும். ஆனால் பலமானவற்றின் பிடி தடிப்பாக இருக்கும், அவள் விரல் விசைக்கு எட்டாது. அதனால் குறி தவறினால், கை அடங்காமல் தவறியதா, அவள் வேண்டுமென்றே தவறவிட்டாளா என்று சாகும்வரை நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பலமும் வேண்டும், பிடியும் மெல்லியதாக வேண்டும். தேடிப்பிடிக்கக் கோடை முழுக்கப் போய்விட்டது.

"எனக்கு உது வேண்டாம். உதைத் தொடவே ஏலாது," என்றாள் அருள்மலர்.

"நான் கடையில நிக்கேக்க உனக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது? கதவு திறபட்டால் ஆரெண்டு கேக்காதை. கேட்டால் அவங்கள் முந்திப்போடுவாங்கள்."

எனக்காகத்தான் சம்மதித்தாள். குண்டில்லாமல் குசினியில் வைத்துப் பழக்கினேன். விரல் விசையில் அளவாக உட்கார்ந்தது. அவள் கைக்கு ஒரு பொருள் அப்படிப் பொருந்தி நான் கண்டதில்லை. உண்மையில் சந்தோசமாக இருந்தது.

மார்கழியில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தேன். இருட்டப் போகிற நேரம் பார்த்து வாமதேவனைக் கடைக்குக் கூப்பிட்டுப் பின்கதவுத் திறப்பைக் கொடுத்தேன்.

"வீட்டில கரண்ட் இல்லை. அக்கா விம்பிள்டனுக்குத் தங்கச்சி வீட்டை போட்டா. ஒருத்தரும் இல்லை, நீயே திறந்து போய்ப் பார்."

"ஓம் அண்ணை, இப்பவே போறன்," என்றான். நல்ல வேலைக்காரன். கூப்பிட்ட குரலுக்கு வருவான்.

இருட்டியதும் அருள்மலர் பயந்துபோய்ப் போன் எடுத்தாள். "உவங்கள் கரண்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் உள்ள வாறவங்கள். அதைக் கையில எடு. நான் வாறன்," என்றேன். நான் போகவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் தாய்க்குப் பதக்கம் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே வெடி, நெஞ்சில் பட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதைக் கேட்டு நான் அழுததைப் பார்த்து வருத்தப்படுகிறேன் என்று நினைத்தீர்கள். நிம்மதியில் அழுதேன். அவன் காலடி அவளுக்குத் தெரியவில்லை. என் மனைவி சுத்தமானவள்.

அவளைப் பிடித்து வைத்திருப்பது அநியாயம். அவனைக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்பியதும், அவளை இந்தப் பக்கம் நிறுத்தியதும் நான். வாமதேவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடமும் சொல்லுங்கள், இனி அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று.

ஆனால் ஆம்புலன்ஸ்காரர் சொன்னதை நேற்று வாசித்துக் காட்டினீர்களே. அவர்கள் உள்ளே போனபோது அவன் தலையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் காயத்தைப் பொத்திக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தாளாம். யாரோ ஒரு ஆண்பிள்ளையின் தலையை ஒரு பெண் அப்படி மடியில் வைத்திருப்பாளா? அதை மட்டும் அவளிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கள்.