உடைந்து வந்த சூப்புக்கலம்

ஆறிப்போன காப்பியையும் என் பேச்சையும் ஒருங்கே பொறுத்துக்கொள்ளவிருக்கும் தலைவர், மேயர் அவர்களே! பழம்பீங்கான் கண்காட்சி காண வந்திருக்கும் எர்லன்பாக் நகரத்துப் பெரியோர்களே! "எதையும் தொடாதே" என்று வீட்டிலேயே சொல்லிக் குழந்தைகளைக் கூட்டிவந்த தாய்மார்களே! வணக்கம்.

பொன்னைக் கொடுத்துப் பகை தீர்த்த அரசுகள் உண்டு. பெண்ணைக் கொடுத்துப் பகை தீர்த்த அரசுகளும் உண்டு. நம் சாக்சனி எதைக் கொடுத்தது? மண்ணைக் கொடுத்தது! சுட்ட மண்ணை, சுடரும் வெண்மண்ணை, பூவெழுதிய பொன்விளிம்புத் தட்டாக்கிக் கொடுத்தது!

அந்தக் காலத்தில் நமக்கும் பக்கத்து நாட்டு ஆஷ்வால்ட் கோமகனுக்கும் எல்லைச் சாலையால் சண்டை. "என் சாலை" என்றா? இல்லை ஐயா, "உன் சாலை" என்று! செப்பனிட இருவருக்கும் மனமில்லை. ஒருநாள் அதன் பள்ளத்தில் மருத்துவச்சியின் வண்டி புதைந்தது. பேறுகால வலியில் காத்திருந்த வால்புர்கா என்ற பெண் மாண்டாள். இரு அரசுகளிடமிருந்தும் இரங்கல் வந்தது, கல் வரவில்லை.

சமாதானம் பேசத் தூதர் கோட்டரிட்ஸ் புறப்பட்டார். உடன் மனைவி சிடோனி. வைக்கோலில் பொதிந்த பீங்கான் பரிசு. ஆஷ்வால்ட் அரண்மனையில் பெட்டியைத் திறந்தால், நடுநாயகமான சூப்புக்கலம் சுக்குநூறு!

தூதர் முகம் தட்டைவிட வெளுத்தது. "ஒளிச்சு வெச்சிடு, சிடோனி. செய்யவே இல்லைன்னு சொல்லிடலாம்."

"மூடி முழுசா இருக்கே! மூடியை மட்டும் பரிசா குடுக்க வந்தீங்களா?"

"என் பதவியே போயிடும்டி!"

"அந்தப் பள்ளத்துலதான் நம்ம வண்டி தூக்கிப்போட்டுச்சு. அதைச் சொல்லுங்க."

விருந்தில் கோமகன் முன் துண்டுகளைப் பரப்பினார் தூதர். அவையில் முணுமுணுப்பு. பரிசா இது? பரிகாசமா?

"என்னய்யா இது?"

"சூப்புக்கலம், பிரபு. எல்லைச் சாலையில உடைஞ்சுது."

"அது உங்க சாலை!"

"வால்புர்கா செத்ததும் அதே பள்ளத்தாலதான், பிரபு. கலம் போனா மறுபடி சுட்டுக்கலாம்."

கோமகன் ஒரு துண்டை எடுத்துக் கையில் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: "முழுசா வந்திருந்தா அலமாரியில வெச்சுப் பூட்டியிருப்பேன். பாதிச் சாலையை நான் போடறேன்."

"எந்தப் பாதி?" என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள். அதைப் பேசி முடிக்க மேலும் ஓராண்டு ஆயிற்று, அம்மா.

எத்தனை அரண்மனைகளில் எத்தனை முழுக்கலங்கள் தூசி தின்றுகொண்டிருக்கின்றன! தூதர் மறைத்திருந்தால் மானம் பிழைத்திருக்கும்; காட்டினார், மனிதர்கள் பிழைத்தார்கள்! அவர் வீட்டு அம்மையாருக்கு யாரும் சிலை வைக்கவில்லை. மேயர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கை தட்டியவர்களுக்கும், தட்ட நினைத்தவர்களுக்கும், உறங்கி எழுந்தவர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!