உள்ளே நின்று அடைத்த ஜன்னல்

என் நண்பன் நார்மனின் மைத்துனன் டெஸ்மண்டுக்கு நடந்தது இது. நவம்பர், சாயங்காலம் நாலு மணி. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மேட்டில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. இருபுறமும் கல்சுவர், நடுவே ஒற்றை வண்டிப் பாதை... ஆள் அரவமே இல்லை.

டெஸ்மண்ட் பழைய வீடுகளை வாங்கி, குடலை உருவி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஆள். மரியாதை என்ற சொல்லே அவன் வாயில் வராது. அன்றைக்கு வாங்கியது ஒரு பண்ணைக் கல்வீடு. சாவியைக் கொடுக்க, வீட்டை விற்ற விதவை ஈடித் மெட்காஃப் வாசலில் நின்றிருந்தாள்.

“வீடாம்மா இது? கல்லுக் குவியல். கட்டினவனுக்குக் கண்ணு ஒழுங்காத் தெரியாது போல.”

“முன்னூறு வருஷமா நிக்குது தம்பி. நீங்க கட்டுறது மூணு மழைக்குத் தாங்குமா?”

மாடியில் ஒரு ஜன்னல் முழுக்கக் கல்லால் அடைத்திருந்தது.

“அந்தக் காலத்துல ஜன்னலுக்கெல்லாம் வரி போட்டாங்களே, அதுக்குப் பயந்து அடைச்ச கஞ்சப் பயலுக.”

“வரிக்கு அடைச்சவங்க வெளிய நின்னு அடைச்சாங்க. கொத்தன் நிக்கிற பக்கந்தான் கல்லு வழவழன்னு இருக்கும். இதுல கல்லோட மொரட்டு முதுகு நம்ம பக்கம் இருக்கு பாருங்க. உள்ள நின்னு அடைச்சிருக்கு. அந்த அறைக்குக் கதவே கெடையாது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டெஸ்மண்ட் சிரித்தான். ஏணி வைத்து ஏறி, உளியால் ஒரு கல்லைப் பெயர்த்தான். குப்பென்று ஈரச் சுண்ணாம்பு வாடை... காலையில் குழைத்தது போல. துளையில் வாயை வைத்தான்.

“வேலை தெரியாத முட்டாளே, வெளிய வாடா.”

சரக்... சரக்... கொத்துக் கரண்டி பலகையில் உரசும் சத்தம். நின்றது. துளை வழியே முகத்தில் ஒரு மூச்சு பட்டது. சூடான மூச்சு.

எப்படி இறங்கினான், எப்படி வண்டியை எடுத்தான், அவனுக்கே தெரியாது. லீட்ஸ் நகரில் தன் வீட்டுக்கு வந்தவன் மனைவி லின்னிடம் நடந்ததைச் சொல்லவில்லை. போர்வைக்குள் சுருண்டுவிட்டான்.

காலையில் லின் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ராத்திரி பின்பக்கம் நின்னு என்னத்தையோ கொழைச்சிட்டு இருந்தியே, கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல.”

டெஸ்மண்ட் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. இன்னும் காயவில்லை.

“அது கெடக்கட்டும்,” என்றாள் லின். “நீ சட்டி சட்டியா எடுத்துக் குடுக்க... நம்ம மாடி ஜன்னல்லேருந்து கையை நீட்டி வாங்கிக்கிட்டாரே, அவரு யாரு?”