திரும்பி வராத இடம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். புற்றுநோய் முற்றிய அப்பாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ள எந்த ஹாஸ்பிஸில் விடுவது என்று பேச்சு.

"காலையில பாத்த இடம் வேணாம் லா. அங்க போனவங்க யாருமே திரும்பி வந்ததில்லையாம்."

"அக்கா, அது ஹாஸ்பிஸ். எல்லா இடமும் அப்படித்தான்."

"அதுக்காக? ஒருத்தர்கூடவா வரல?"

"அப்ப வீட்டுக்கே வர்ற நர்ஸ வெச்சுக்கலாமா? வலிக்கு மருந்து குடுத்து, உடம்பு தொடச்சு விட்டுட்டுப் போவாங்க."

என் முன் சீட்டில் ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்தான் அப்பா.

"நர்ஸயே வரச் சொல்லுடா," என்றார். "வீட்டுலயே இருந்தா நான் எங்கயும் போகல. அப்புறம் திரும்பி வரலன்னு உங்கக்கா குறை சொல்ல முடியாது."

அக்கா தம்பியிடம் தணிந்த குரலில், "மொத நாளு அந்த நர்ஸ் ராகு காலத்துல வந்துடாம பாத்துக்க," என்றார்.

"எப்ப வேணா வரட்டும்," என்றார் பெரியவர், திரும்பிப் பார்க்காமலே. "என்னைய மாப்பிள்ளை பாக்கவா வர்றாங்க?"