கதவைத் திறந்து வைத்துத்தான் வாசித்தேன்

ரிவெர்ப் பெடல் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கடையில் நாலு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு மயங்கிப்போவது. கடை பெரியது, கூரை உயரம், அங்கே எதை வாசித்தாலும் இனிக்கும். தன் வீட்டு அறைக்கு எது பொருந்தும் என்று யோசித்து வாங்குபவர் நூற்றில் ஒருவர். நான் அந்த ஒருவன். அதனால்தான், ஐயா, என் காலடியில் கிடந்த பெட்டி என்ன என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு தந்தியைத் தட்டினால் சத்தம் வறட்சியாக எழுந்து அடங்கிவிடும். அதைப் பெரிய மண்டபத்தில் வாசித்ததுபோல் எதிரொலிக்க வைத்து, நீட்டித் தருவது ரிவெர்ப். காலால் மிதித்தால் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் நிற்கும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது நிரப்பிவிடும். என் தொந்தரவே அந்த இடைவெளிதான். அண்ணன் குரல் அதற்குள்தான் நுழையும்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தால், அரை மணி நேரத்தில் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். தட்டையாகக் கிடந்தால் சளி அடைத்து மூச்சு நின்றுவிடும், கூப்பிட்டதும் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வையுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். தூக்கினேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். பகலில் ஒரு ஆயா வந்து பார்த்துக்கொள்வாள், மற்ற நேரமெல்லாம் நான். “தம்பி, சறுக்கிட்டேன்டா” என்பார். போவேன். திரும்பி வந்து கிட்டாரை மடியில் வைப்பேன். “தம்பி...” நல்ல மனிதர், ஒரு நாளும் அதட்டியதில்லை. அந்தப் பணிவான குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். கூப்பிட ஒரு அழைப்பு மணி வைத்திருந்தேன். அதன் பேட்டரி தீர்ந்துபோனது. வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

செவித்திறன் கருவி விற்கும் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் தலையில் ஹெட்போனை மாட்டி, “இது கேக்குதா, இப்ப கேக்குதா” என்று நாள் முழுக்கக் கேட்பவன் நான். வீட்டுக்கு வந்த பிறகாவது எனக்கு எதுவும் கேட்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றுவதில் என்ன தப்பு?

ஆகவே கடைக்குப் போனபோது எனக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தேன். விற்பனையாளரிடம் ஒரு சின்ன உதவி கேட்டேன். “அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு, உடம்பு முடியாதவர் மாதிரி ‘தம்பி’ன்னு கூப்பிடணும்.”

“என்ன சார், பேய்ப் படத்துக்கு வாசிக்கிறீங்களா?” என்று சிரித்தார். ஆனாலும் போய் நின்றார்.

முதல் பெடல் ஸ்பிரிங் வகை. துள்ளலாக இருந்தது, ஆனால் எதிரொலி ஓட்டை ஓட்டையாக இருந்ததால் குரல் தெளிவாக வந்தது. இரண்டாவதில் அழைப்பின் பாதி கேட்டது. மூன்றாவது ஹால் வகை, மண்டபம்போல் ஏழு விநாடி இழுக்கும். டோன் குமிழைக் கொஞ்சம் கனத்த ஒலியின் பக்கம் திருப்பினேன், ஆண் குரல் புழங்கும் இடம் அதுதான். ஒரு முழுப் பாட்டு வாசித்து முடித்துவிட்டு, “கூப்பிட்டீங்களா?” என்றேன்.

“நாலு தடவை கூப்பிட்டேன் சார். தொண்டையே வறண்டுபோச்சு.”

“இதையே பேக் பண்ணிடுங்க.”

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஆம்ப்ளிஃபையரை அலற விட்டால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். ரிவெர்ப் நீளமாக இருந்தால் சத்தமே தேவையில்லை. யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்தவன் நான், விசாரித்துப் பாருங்கள். கதவைக்கூட மூடியதில்லை. முதல் நாளே அண்ணன், “என்னடா, கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு” என்று கிண்டல் செய்தார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு. கதவ மட்டும் சாத்திடாத, நான் கூப்பிட்டா கேக்கணும்ல” என்றார். சாத்தவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் தங்கை வாராவாரம் போன் செய்வாள். “பெரியண்ணன் பக்கத்துல நீ இருக்கிற தைரியத்துலதான் சின்னண்ணா நான் இங்க நிம்மதியா இருக்கேன்” என்பாள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஆயா வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணனை உட்கார வைத்து, வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்தேன். மெதுவான மெட்டு ஒன்று. அதில் இடைவெளிகள் அதிகம் என்பதால் மிக்ஸ் குமிழை முழுக்கத் திருப்பி, எதிரொலி மட்டுமே வரும்படி வைத்தேன். ஐந்து நாற்பதுக்குப் பெடலை மிதித்து நிறுத்தினேன். மிச்சமிருந்த ஒலி கரைந்து முடியும்வரை காத்திருந்தேன். எங்கள் வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் தட்டையாகக் கிடந்தார். இடது கை என் அறைப் பக்கமாக நீண்டிருந்தது.

வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கேட்டும் போகாமல் இருந்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கூடப் பிறந்தவனால் அதைத் தாங்க முடியாது. முதலில் “சறுக்கிட்டேன்டா” என்று மூன்று தடவை கூப்பிட்டார், பிறகு வெறும் “தம்பி” என்று ஏழு தடவை, கடைசியாக ஒரே ஒரு தடவை “அம்மா” என்று. இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை.